பழைய லாரிக்குத் தெர்மோஸ்டாட்: டிகிரியைப் பார்க்கும் முன் துளையைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளில் செய்யப்பட்ட ஆறு சிலிண்டர் பெட்ரோல் லாரி ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் இணையும் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை, அதாவது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு இல்லை. முன்பு வைத்திருந்தவர் பிடுங்கி எறிந்துவிட்டார். உதிரிபாகக் கடையில் மூன்றை எடுத்துக் காட்டினார்கள்: ஒன்றில் 71, ஒன்றில் 82, ஒன்றில் 91 என்று, திறக்கும் வெப்பநிலை செல்சியஸ் டிகிரியில் பொறித்திருக்கிறது. எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள். அனுபவசாலி ஒருவர், "ஒன்றும் வேண்டாம், இல்லாமலே ஓட்டுங்கள், இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும்" என்றாராம். அதுவும் சரியா என்று கேட்கிறீர்கள்.

மூன்றில் ஒன்றைச் சொல் என்றால், ரேடியேட்டரில் அழுத்த மூடி (உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் மூடி) இருக்குமானால் 82 என்பேன். ஆனால் அந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். அந்த மூன்றுமே உங்கள் இன்ஜினுக்குத் தப்பான உருவமாக இருக்கலாம். டிகிரி கடைசியாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். சில டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் இன்ஜின் பொறுத்துக்கொள்ளும். உருவம் தப்பினால் பொறுக்காது. உங்களிடம் ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது இல்லை என்பது சங்கடம்தான். ஆனால் அது உட்கார்ந்திருந்த கூடு இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் பழையதே தேவையில்லை.

முதலில் அந்த அனுபவசாலியின் யோசனையை முடித்துவிடுகிறேன். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடேற நெடுநேரம் எடுக்கும். சுமை இல்லாமல் ஓடும்போது சூடே ஏறாது. அரைகுறைச் சூட்டில் பெட்ரோல் முழுவதும் ஆவியாகாமல் சிலிண்டர் சுவரை நனைக்கும், அங்கிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே எண்ணெய்த் தொட்டியில் போய்ச் சேரும். எரிதலில் உண்டாகும் நீராவி அங்கேயே குளிர்ந்து தண்ணீராகித் தங்கும். உங்கள் லாரியில் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில் மோர்க்குழம்பு நிறத்தில் வழவழவென்று ஒரு பசை ஒட்டியிருந்தால், அது பல மாதம் குளிராகவே ஓடியிருக்கிறது என்று பொருள். சிலிண்டர் தேய்மானம் அதிகம் நடப்பது இந்தக் குளிர் நேரத்தில்தான்.

இதைவிட வேடிக்கையான விளைவும் உண்டு. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் சில இன்ஜின்கள் சுமையில் கூடுதலாகச் சூடாகும். உடனே ஒருவர் வந்து, "தண்ணீர் வேகமாக ஓடுவதால் ரேடியேட்டரில் சூட்டை இறக்க அதற்கு நேரமில்லை" என்று விளக்கம் சொல்வார். நானும் அதை நம்பியிருந்தேன். அது தவறு. வேகமாக ஓடும் தண்ணீர் ஒவ்வொரு சுற்றிலும் குறைவாகக் குளிரும், ஆனால் அதிகச் சுற்று வரும், மொத்தத்தில் நஷ்டமில்லை. உண்மைக் காரணங்கள் வேறு. தெர்மோஸ்டாட் பாதையைக் கொஞ்சம் குறுக்குவதால் பம்ப்புக்கும் அதற்கும் இடையில், அதாவது இன்ஜினுக்குள், அழுத்தம் சற்றுக் கூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள மிகச் சூடான இடங்களில் குமிழி கிளம்பாமல் அந்த அழுத்தம் தடுக்கிறது. இரண்டாவது காரணம் பைபாஸ். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அதில்தான் இருக்கிறது.

தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் வாட்டர் பம்ப் சுழன்றுகொண்டேதான் இருக்கும். தண்ணீர் எங்காவது போக வேண்டும். ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே திரும்பி வர ஒரு குறுக்குவழி விட்டிருப்பார்கள். அதுதான் பைபாஸ். இன்ஜின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்த பிறகு இந்தக் குறுக்குவழியை என்ன செய்வது என்பதில்தான் தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு வழியில் போனார்கள். சிலர் அதை மிகச் சிறியதாக வைத்து, திறந்தபடியே விட்டுவிட்டார்கள். சிலர் அதைப் பெரியதாக வைத்து, சூடானதும் தெர்மோஸ்டாட்டே அதை அடைக்கும்படி செய்தார்கள். இந்த இரண்டாம் வகையில் தெர்மோஸ்டாட் ஒரு கதவு அல்ல, இரண்டு கதவு. மேல் கதவு திறக்கத் திறக்கக் கீழ்க் கதவு மூடும். அங்கே ஒற்றைக் கதவுத் தெர்மோஸ்டாட்டைப் போட்டால், அல்லது ஒன்றுமே போடாவிட்டால், சூடான தண்ணீரில் ஒரு நல்ல பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பி இன்ஜினுக்குள் வந்துகொண்டிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஃபோர்டு எஃப் வரிசை லாரிகளில் 1977 முதல் 1982 வரை 351எம், 400 என்று இரண்டு வி8 இன்ஜின்கள் வந்தன. அதில் 400 இன்ஜின் உள்ள வண்டி ஒன்று என்னிடம் வந்தது. சமதரையில் சாதுவாக இருக்கும், மேட்டில் ஏறினால் முள் சிவப்புக்குப் போகும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பம்ப்பை மாற்றினேன். விசிறி கிளட்ச்சை மாற்றினேன். பற்றவைப்பு நேரத்தைச் சரிபார்த்தேன். தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட்டேன். பழையதோடு ஒப்பிட்டேன், அச்சாக அதேதான். அதில்தான் ஏமாந்தேன். எனக்கு முன்னால் அதைப் போட்டவரும் தப்பானதைப் போட்டிருந்தார். நான் அவருடைய தப்பை அச்சுப் பிசகாமல் நகலெடுத்திருந்தேன். அதே நிறுவனத்தின் 351 விண்ட்சர் இன்ஜினுக்கு வரும் தெர்மோஸ்டாட் இந்த இன்ஜினின் குழியிலும் பொருத்தமாக உட்காரும். ஆனால் 400, 351எம், அவற்றின் மூத்த உறவான 351 கிளீவ்லேண்ட் ஆகியவற்றில் தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே, பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் உடலில்), வட்டத் துளையுள்ள ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அதுதான் பைபாஸ் வாய். சரியான தெர்மோஸ்டாட்டின் அடியில் தொப்பி போன்ற ஒரு பகுதி நீண்டிருக்கும். சூடானதும் அது இறங்கி அந்தத் துளையை மூடும். விண்ட்சருக்கு உரியதில் அந்தத் தொப்பி இல்லை. தொப்பியுள்ளதை வாங்கிப் போட்ட அன்று முள் நடுவிலேயே நின்றது. நான் செலவழித்த பம்ப்பும் கிளட்ச்சும் அநாவசியம்.

ஆகவே, பழைய தெர்மோஸ்டாட் கையில் இல்லாதது உங்களுக்கு ஒரு வகையில் நல்லதுதான். தப்பான சாட்சியம் இல்லை. இப்போது கூட்டைப் பார்ப்போம்.

டார்ச் அடித்து, தெர்மோஸ்டாட் உட்காரும் குழிக்குள் பாருங்கள். நேர் கீழே, மையத்தில், கடைசல் பிடித்த விளிம்போடு ஒரு வட்டத் துளை தெரிகிறதா? அப்படியானால் அடியில் வட்டத் தட்டு உள்ள இரட்டைக் கதவு வகை வேண்டும். மையத்தில் ஒன்றுமில்லை, ஆனால் குழியின் பக்கச் சுவரில் ஒரு துளையோ நீள்சதுர வாயோ இருக்கிறதா? அங்கே பாவாடை வைத்த தெர்மோஸ்டாட் இருந்திருக்கும்: வால்வோடு சேர்ந்து ஓர் உருளை வளையம் ஏறி, அந்தப் பக்க வாயை மறைக்கும். இரண்டும் இல்லாமல், மூடியிலிருந்தோ ஹெட்டிலிருந்தோ (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) பம்ப்புக்கு விரல் பருமனில் ஒரு சின்ன ஹோஸ் மட்டும் போகிறதென்றால், அது எப்போதும் திறந்தே இருக்கும் வகையாக இருக்கலாம். ஆனால் அந்த ஹோஸின் மேல் முனை எங்கே தொடங்குகிறது என்று கம்பி விட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் குழியின் பக்கச் சுவரில் தொடங்கினால் அதுவும் பாவாடை வகையாக இருக்கக்கூடும். வேறெங்காவது தொடங்கினால் கவலையில்லை, சாதாரண ஒற்றைக் கதவு போதும்.

உங்களுடையது டாட்ஜ் அல்லது கிறைஸ்லர் குடும்பத்துப் பக்க வால்வு (வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கில், சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும்) ஆறு சிலிண்டர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த இன்ஜின் பல பத்தாண்டுகள் உற்பத்தியில் இருந்தது. இடையில் பைபாஸ் உள்ளே ஓடுவதும் உண்டு, வெளியே ஹோஸாக ஓடுவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே இன்ஜின். பம்ப், ஹெட், மூடி மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவைதானா என்று பாருங்கள், ஏனென்றால் யாராவது ஹெட்டை மட்டும் வேறு ஆண்டினுடையதாக மாற்றியிருந்தால் வழி எங்கோ அடைபட்டு நிற்கும். ஃபோர்டின் பழைய பக்க வால்வு வி8 என்றால் இரண்டு தெர்மோஸ்டாட், பக்கத்துக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே டிகிரியில் வாங்க வேண்டும். இன்னும் பின்னால் போனால் ஃபோர்டு மாடல் டி வகையில் சூடான தண்ணீர் தானாக மேலேறியும் குளிர்ந்தது கீழிறங்கியும் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே தெர்மோஸ்டாட்டைத் தேடுவது வீண்.

இனி அளவு. ஒரு வெர்னியர் கேலிப்பர், கொஞ்சம் களிமண் போதும். குழியின் விளிம்பில் ஒரு படி வெட்டியிருப்பார்கள். தெர்மோஸ்டாட்டின் தட்டையான விளிம்பு அதில்தான் உட்காரும். அந்தப் படியில் துருவும் பழைய கேஸ்கெட்டின் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் தாளின்) மிச்சமும் படிந்திருந்தால் முதலில் மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுங்கள். அழுக்கின் மேல் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் தப்பும், அந்த ஒரு மில்லிமீட்டர் போதும் கெடுக்க. படியின் விட்டம், படியின் ஆழம், படிக்குக் கீழே உள்ள துளையின் விட்டம், அங்கிருந்து அடித்தளம் வரையிலான ஆழம், மேல் மூடியின் உட்குழிவு ஆகிய ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்க லாரிகளில் 54 மி.மீ., 63.5 மி.மீ. விளிம்பு விட்டங்கள் மிகவும் புழக்கத்தில் இருந்தவை. படியைவிட விளிம்பு அரை மில்லிமீட்டர் போலச் சிறியதாக இருப்பது நல்லது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் சிறியதாக இருந்தால் ஒரு பக்கமாக நகர்ந்து, மறுபக்கத்தில் பிறைநிலா வடிவில் சந்து விடும். மூடியிருக்கும்போதே தண்ணீர் ஒழுகிப் போய்க்கொண்டிருக்கும்.

படியின் ஆழம் விளிம்பின் தடிமனுக்குச் சமமாகவோ ஒரு தலைமுடி கூடுதலாகவோ இருக்க வேண்டும். விளிம்பு படிக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றால், போல்ட்டை முறுக்கும்போது மூடியின் இரு காதுகளும் வளைந்து, ஒன்று 'டிக்' என்று உடையும். பழைய வார்ப்பிரும்பு மூடி கிடைப்பது தெர்மோஸ்டாட் கிடைப்பதைவிடக் கஷ்டம். இன்றைய தெர்மோஸ்டாட்டுகள் சிலவற்றில் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் வரும். காகிதக் கேஸ்கெட்டுக்காக வெட்டிய படியில் அதைத் திணித்தால் இதே கதைதான்.

இரட்டைக் கதவு வகை தேவை என்று தெரிந்தால் இன்னொரு அளவு சேர்கிறது. விளிம்பு உட்காரும் படியிலிருந்து பைபாஸ் வாய் வரை எவ்வளவு ஆழம்? வாங்கப் போகும் தெர்மோஸ்டாட் குளிர்ந்திருக்கும்போது, விளிம்பிலிருந்து அடித்தட்டு வரையுள்ள நீளம் இந்த ஆழத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தண்ணீர் புக அத்தனை இடைவெளி தேவை. முழுதாகத் திறந்த நிலையில் அந்த நீளம் ஆழத்தை எட்டி, இன்னும் கொஞ்சம் அழுத்தவும் வேண்டும். அடித்தட்டு தன் சொந்தச் சிறு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தக் கொஞ்ச அழுத்தத்தை அது தாங்கும். நீளம் மிகக் குறைவானால் பைபாஸ் ஒருபோதும் மூடாது. மிக அதிகமானால் தட்டு தரையில் முட்டி, மேல் கதவு பாதியில் நின்றுவிடும். கையில் ஒன்று கிடைத்தால் இப்படிச் சோதியுங்கள்: அடித்தட்டில் களிமண் உருண்டை ஒட்டுங்கள், மேல் வால்வை நெம்பி ஒரு சின்ன நட்டைச் செருகித் திறந்த நிலையில் நிறுத்துங்கள், குழியில் இறக்கி அழுத்தி எடுங்கள். களிமண் மையமாக, வட்டமாக, முழுதாக நசுங்கியிருந்தால் அது உங்களுடையது. ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தால் மையம் தப்புகிறது, வேண்டாம்.

அளவு கையில் இருக்கிறது, இனித் தேட வேண்டும். இங்கே பலர் செய்யும் பிழை, லாரியின் ஆண்டைச் சொல்லிக் கேட்பது. எழுபது ஆண்டு உழைத்த லாரியில் பிறந்த இன்ஜினே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பிளாக்கின் பக்கத்தில் வார்ப்போடு சேர்ந்து வந்த எண்ணும், தட்டையாகச் சீவிய ஓர் இடத்தில் உளியால் அடித்த இன்ஜின் எண்ணும் இருக்கும். இரண்டும் வேறு வேறு. வார்ப்பெண் எந்த வகைப் பிளாக் என்று சொல்லும். அடித்த எண் எந்தத் தொடரைச் சேர்ந்தது என்று சொல்லும். கம்பித் தூரிகையால் தேய்த்து, சாக்பீஸ் பூசித் துடைத்தால் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து நிற்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு உதிரிபாகப் பட்டியலைப் புரட்டுங்கள்.

லாரிக்கான பட்டியலில் இல்லை என்று வந்தால் மனம் தளர வேண்டாம். அந்தக் காலத்து லாரி இன்ஜின்கள் லாரியில் மட்டும் ஓடவில்லை. கிறைஸ்லரின் பக்க வால்வு ஆறு சிலிண்டர் ஃபோர்க்லிஃப்டிலும் வெல்டிங் ஜெனரேட்டரிலும் அறுவடை இயந்திரத்திலும் ஓடியது. பெர்கின்ஸ் 6.354 டீசல் லாரி, டிராக்டர், படகு எல்லாவற்றிலும் இருந்தது. அதே தெர்மோஸ்டாட் டிராக்டர் பட்டியலில் வேறு எண்ணில், இன்றும் உற்பத்தியில் உள்ள பொருளாகப் படுத்திருக்கும். தெர்மோஸ்டாட் தயாரிப்பாளர்களின் சொந்தப் பட்டியல்களில் விளிம்பு விட்டம், உயரம் போன்ற அளவுகளும் வருவதுண்டு. வண்டியின் பெயரால் தேடித் தோற்றவர்கள் அளவால் தேடிக் கண்டுபிடித்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கு கிடைத்தால் ஆசைப்படத் தோன்றும். அதற்கு முன் ஒரு விஷயம். அக்காலத் தெர்மோஸ்டாட்டுகளில் பெரும்பாலானவை துருத்தி வகை: மடிப்பு மடிப்பான பித்தளைக் குழலுக்குள் எளிதில் ஆவியாகும் திரவம் கொஞ்சம் இருக்கும், சூட்டில் அது ஆவியாகித் துருத்தியை நீட்டி வால்வைத் தூக்கும். இப்போது கிடைப்பவை மெழுகு வகை. 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் உருவாக்கியது: பித்தளைக் குப்பிக்குள் அடைத்த மெழுகு உருகும்போது பருத்து ஒரு தண்டைத் தள்ளும். துருத்திக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளியிலிருந்து தண்ணீரின் அழுத்தம் அதை நசுக்கும். திறந்த ரேடியேட்டர் காலத்தில் அது பிரச்சினையில்லை. அழுத்த மூடி போட்ட ரேடியேட்டரில் துருத்தி வகையைப் போட்டால் குறித்த டிகிரியில் திறக்காமல் தாமதித்துத் திறக்கும். மெழுகுக்கு அந்தக் கவலையில்லை. மறுபுறம், கெட்டுப்போகும் விதத்தில் துருத்தி நல்லது: ஓட்டையானால் பெரும்பாலும் திறந்த நிலையில் நின்றுவிடும், இன்ஜின் குளிராக ஓடும், அவ்வளவுதான். மெழுகுக் குப்பி ஒழுகினால் கதவு மூடியபடியே நிற்கும். என் யோசனை, மெழுகு வகையையே போடுங்கள். வெப்பமானியை அடிக்கடி பாருங்கள்.

பாவாடை வைத்த பழைய துருத்தி வகைக்கு நேரான மெழுகு மாற்று பல இன்ஜின்களுக்குக் கிடைப்பதில்லை. கடையில் தருவது பாவாடை இல்லாதது. அப்போது இரண்டு சமாளிப்புகள் உண்டு. பைபாஸ் வெளி ஹோஸாக இருந்தால், அதற்குள் ஒரு பித்தளை அடைப்பை வைத்து நடுவே ஆறு அல்லது எட்டு மில்லிமீட்டர் துளை விடலாம். சூடேறும் நேரத்துக்கு அந்தச் சுற்று போதும், சூடான பிறகு இழப்பும் குறைவு. பக்க வாய் உள்ளேயே இருந்தால், அதை நிரந்தரமாக மறைக்கும் ஒரு வளையத்தைச் செருகலாம். அப்படிச் செய்தால் தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஓரிரண்டு சின்னத் துளை கட்டாயம், இல்லாவிட்டால் மூடியிருக்கும்போது தண்ணீர் அசையாமல் நின்று, ஹெட்டின் ஒரு மூலை கொதிக்கும்; தெர்மோஸ்டாட்டுக்கு அது தெரியாது. முதல் வழியே எனக்குப் பிடித்தது. பைபாஸை முழுக்க அடைத்துவிட்டு ஓட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது டிகிரிக்கு வருகிறேன். பொறித்திருக்கும் எண் கதவு திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. 82 என்றால் அங்கே மெல்லத் திறந்து, முழுதாகத் திறக்கச் சுமார் 92 முதல் 95 ஆகும். ஆகவே தெர்மோஸ்டாட் இன்ஜினின் குறைந்தபட்சச் சூட்டைத்தான் நிர்ணயிக்கிறது. அதிகபட்சத்தை ரேடியேட்டர்தான் நிர்ணயிக்கிறது. கொதிக்கும் இன்ஜினுக்கு 82-ஐ எடுத்துவிட்டு 71 போட்டால், கொதிப்பது ஐந்து நிமிடம் தள்ளிப்போகும், நிற்காது.

உங்கள் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். அடியில் ஸ்பிரிங்கோடு ரப்பர் தட்டு இருந்தால் அழுத்த மூடி. வெறும் தகரமாக இருந்தால் திறந்த அமைப்பு. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒவ்வொரு பவுண்டு கூடும்போதும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயரும். 7 பவுண்டு மூடி இருந்தால் தண்ணீர் 110-ஐத் தாண்டித்தான் கொதிக்கும். அங்கே 82 வசதியாக உட்காரும். திறந்த அமைப்பில் வெறும் தண்ணீர் 100-இல் கொதிக்கும், உயரமான மலைப் பகுதியில் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் அதுவும் குறையும். 82 போட்டால் முழுதாகத் திறக்கும் சூட்டுக்கும் கொதிக்கும் சூட்டுக்கும் இடையில் இடமே இருக்காது. அங்கே 71 அல்லது அதையொட்டியது. பழைய கையேடுகளில் 70-க்கும் கீழே சொல்லியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அக்காலத்தில் குளிர்காலத்துக்கு ரேடியேட்டரில் மெதனால் ஊற்றினார்கள். அது 65 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் என்பதால் தெர்மோஸ்டாட்டைத் தாழ்வாக வைத்தார்கள். எத்திலீன் கிளைகால் கலந்து ஓட்டுகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 91 வேண்டவே வேண்டாம். அது புகைக் கட்டுப்பாடு வந்த பிற்கால இன்ஜின்களுக்கு உரியது.

வாங்கியதை அப்படியே போட்டுவிடாதீர்கள். புதியதும் தப்பாக இருக்கலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், ஒரு முழ நூல் போதும். வால்வை விரலால் நெம்பி, இடுக்கில் நூலின் நுனியை வைத்து விடுங்கள். வால்வு நூலைக் கவ்விக்கொள்ளும். நூலைப் பிடித்துத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், அடியில் படக்கூடாது. பாத்திரத்தின் அடி தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். அடுப்பைச் சிறுதீயில் வைத்து, கலக்கிக்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்தில் வால்வு வாயைத் திறக்கும், நூல் விடுபடும், தெர்மோஸ்டாட் 'டங்' என்று அடியில் விழும். அந்தக் கணத்துத் தெர்மாமீட்டர் அளவுதான் உண்மையான எண். பொறித்ததற்கு இரண்டு மூன்று டிகிரி இப்படி அப்படி இருக்கலாம். அதற்குமேல் தள்ளியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கொதிக்கும்வரை சூடாக்கி, முழுதாகத் திறந்த இடைவெளியைப் பாருங்கள். ஏழெட்டு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். எடுத்துக் குளிரவிட்டால் சத்தமில்லாமல் இறுக மூட வேண்டும். அதே தண்ணீரில் வண்டியின் வெப்பமானி உணரியையும் முக்கிச் சோதித்துக்கொள்ளலாம். பாதிப் பழைய லாரிகளில் பொய் சொல்வது அந்த முள்தான்.

பொருத்துவதில் சொல்ல அதிகமில்லை. ஸ்பிரிங்கும் குப்பியும் இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். விளிம்பில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது காற்று வெளியேறும் வழி, மேல் பக்கம் வர வேண்டும். இல்லாவிட்டால் நானே மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுக்கொள்வேன். விளிம்பு உட்காரும் படி சில இன்ஜின்களில் ஹெட்டில் இல்லாமல் மூடியில் இருக்கும். மூடியைக் கவிழ்த்துப் பொருத்தும்போது தெர்மோஸ்டாட் நழுவி இரண்டு உலோகத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், வெளியே தெரியாது, முறுக்கினால் காது உடையும். நாலு புள்ளி கேஸ்கெட் பசை வைத்து ஒட்டி, பத்து நிமிடம் காயவிட்டுப் பொருத்துங்கள். மூடியின் முகத்தைக் கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் எட்டு போடுவதுபோல் தேய்த்தால் வளைவு எங்கே என்று பளபளப்பே காட்டிவிடும்.

தண்ணீர் ஊற்றும்போது ஹீட்டர் வால்வைத் திறந்து வையுங்கள், முன்பக்கம் சற்று மேடாக நிற்கட்டும். இன்ஜினை ஓடவிட்டு மேல் ஹோஸைக் கையால் தொட்டுக்கொண்டிருங்கள். நெடுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு அரை நிமிடத்துக்குள் கை வைக்க முடியாத அளவு சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் எங்கோ சந்து இருக்கிறது, விளிம்பை மறுபடி பாருங்கள். சுட்ட பிறகு பைபாஸ் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இரட்டைக் கதவு வகையில், இன்ஜின் முழுச் சூட்டில் ஓடும்போது அதில் பாயும் துடிப்பு அடங்கிவிடும்.

எல்லாம் சரியாக வந்தால் அதே எண்ணில் இன்னொன்றையும் இரண்டு கேஸ்கெட்டையும் வாங்கி, அளவுகளை எழுதிய தாளோடு சேர்த்து வண்டியிலேயே வைத்துவிடுங்கள். குழிக்குள் என்ன தெரிகிறது என்பதையும் பிளாக்கின் வார்ப்பெண்ணையும் எனக்கு எழுதுங்கள். எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.